பாலக்காடு – இடுக்கி எல்லைப்புறத் தமிழரிடையே உடல், நிறம், ஊடகம்: ஒரு வரலாற்று நோக்கு

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்குக் கோடியில் வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் ஆகிய ஊர்களும், தெற்கே மலைத்தொடரின்மேல் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகியனவும் தமிழக – கேரள எல்லையின் வாயில்களாக உள்ளன. இவற்றுக்கு மேற்கே சித்தூர் வட்டத்திலும், அட்டப்பாடியிலும், தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை வட்டங்களிலும் தமிழைத் தாய்மொழியாகவோ அன்றாட வழங்குமொழியாகவோ கொண்ட மக்கள் பெருந்தொகையினராக வாழ்கின்றனர். இவர்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் மொழிச் சிறுபான்மையினர் உரிமை, தோட்டத் தொழிலாளர் கூலி, நிலவுரிமை என்னும் மூன்றனுள் அடங்கிவிடுகின்றன. இம்மக்கள் தம் உடலை எவ்வாறு கண்டனர், பிறர் அவ்வுடலை எவ்வாறு காணுமாறு பழக்கப்பட்டனர் என்னும் வினா அவ்வளவாக எழுப்பப்படவில்லை. நிறம், தோற்றம் ஆகியன தனிமனித விருப்பு வெறுப்புச் சார்ந்தவை எனக் கருதப்பட்டதே இதற்குக் காரணமாகலாம். ஆயின் எல்லைப்புறத்தில் இவ்விருப்பு வெறுப்புகளுக்குத் தெளிவானதொரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

இப்பகுதி ஒரே ஆட்சியின்கீழ் இருந்ததன்று. பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தையும், சித்தூர் கொச்சி அரசையும், தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர் அரசையும் சார்ந்திருந்தன. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. அங்கிருந்த தமிழர் தோட்ட வேலைக்கு வந்து தங்கிய நிலையற்ற மக்கள்தொகையினர் என்னும் வாதம் அம்முடிவுக்குத் துணைநின்றது. ஓர் இடத்தில் பல தலைமுறைகளாக உழைத்தும் அவ்விடத்துக்கு உரியவர் அல்லர் எனக் கருதப்படும் மக்களின் உடல், அவர்களை அடையாளம் காட்டும் முதற்குறியாகிவிடுகிறது. பேச்சைக் கேட்பதற்கு முன்பே நிறத்தைக் கண்டு முடிவு செய்யும் வழக்கம் இங்ஙனமே வேர்கொள்கிறது.

மாமையும் பசலையும்

தமிழரிடையே நிறவேற்றுமை ஆங்கிலேயரால் புகுத்தப்பட்டது என்பதும், அது தொன்றுதொட்டு உள்ளது என்பதும் மேடைகளில் மாறிமாறி ஒலிக்கும் இரு கருத்துகள். இரண்டுமே இலக்கியச் சான்றுகளுக்கு முழுமையாகப் பொருந்துவன அல்ல. சங்க அகப்பாடல்களில் தலைவியின் இயல்பான அழகு மாமை எனப்படுகிறது. உரையாசிரியர்கள் இதனை மாந்தளிர் நிறம் என்றும் கருமை சார்ந்த நிறம் என்றும் விளக்குவர். பிரிவால் அம்மாமை கெட்டு மேனியில் படரும் வெளிறிய நிறமே பசலை. எனவே அம்மரபில் மேனி வெளிறுதல் நோயின் அறிகுறி; அழகின் அறிகுறி அன்று. திருக்குறளும் பசப்புறு பருவரல் என ஓர் அதிகாரத்தை இதற்கென ஒதுக்கியுள்ளது. முல்லை நிலத்தெய்வமும் மாயோனே.

எனினும் இவற்றைக் கொண்டு பண்டைத் தமிழர் நிறபேதம் அறியாதவர் என முடிவு கட்டுவது மிகையாகும். பாடல் மரபு வேறு, மக்கள் வழக்கு வேறு. மாமை இன்று 'மாநிறம்' என்னும் சொல்லில் எஞ்சியுள்ளது; அதுவும் கறுப்புக்கும் சிவப்புக்கும் இடைப்பட்ட சமாதான நிறமாகச் சுருங்கிவிட்டது. தமிழில் வெளிர்மேனியைச் 'சிவப்பு' என்பர்; மலையாளத்தில் 'வெளுப்பு' என்பர். எல்லைப்புற வீடுகளில் பெண் பார்க்கும் பேச்சில் இவ்விரு சொற்களும் கலந்தே வழங்குகின்றன. தமிழில் 'கறுப்பே அழகு, காந்தலே ருசி' என்றும் மலையாளத்தில் 'கறுப்பினு ஏழழகு' என்றும் பழமொழிகள் உண்டு. இரண்டும் ஆறுதல் மொழிகளாகவே பயன்படுகின்றன என்பது கவனிக்கத்தக்கது. சிவப்பு அழகு என்று கூற எவருக்கும் பழமொழி தேவைப்படவில்லை.

தோட்டத்தின் உடல்

திருவிதாங்கூரில் உடலின்மீது சாதி செலுத்திய அதிகாரம் சட்டவடிவே பெற்றிருந்தது. தெற்குத் திருவிதாங்கூர்ச் சாணார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக 1822 முதல் 1859 வரை விட்டுவிட்டு நடத்திய போராட்டமும், 1859 சூலையில் வெளிவந்த அரசு அறிவிப்பு மேலாடையை அனுமதித்தும் உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியலாகாது என விலக்கியதும் அறியப்பட்டவை. புலையர் பெண்கள் தம் சாதிக்குறியாக அணிந்த கல்மாலைகளை 1915இல் கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில் அறுத்தெறிந்த நிகழ்ச்சி அய்யங்காளியின் இயக்கத்தோடு தொடர்புடையது. உடை, அணிகலன், நடை ஆகிய அனைத்தும் ஒருவரின் நிலையைத் தொலைவிலிருந்தே அறிவிக்க வேண்டும் என்பதே அச்சமூக ஒழுங்கின் எதிர்பார்ப்பு.

இவ்வரசின் மலைப்பகுதிக்கே தமிழகத் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். 1877இல் பூஞ்ஞாற்றுத் தலைவரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன்தேவன் மலைகளைக் குத்தகையாகப் பெற்றார். 1897இல் கண்ணன்தேவன் மலைவிளைபொருள் நிறுவனம் தோன்றியது. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து கங்காணிகள் வழியாக ஆள் திரட்டப்பட்டது. வந்தோருள் பெரும்பாலோர் பள்ளர், பறையர், சக்கிலியர் சமூகத்தினர். கங்காணி ஆளைத் தேர்ந்தபோது உடலையே பார்த்தார். குளிரையும் மழையையும் அட்டைக் கடியையும் எந்த உடல் தாங்கும் என்பதே அளவுகோல். பெண்கள் கொழுந்து பறிப்பதற்கும், ஆண்கள் கவாத்து, மருந்தடிப்பு முதலியவற்றுக்கும் பிரிக்கப்பட்டனர். தேயிலைச் சாறு விரல்களில் கறையாகப் படிந்து எளிதில் நீங்காமல் நிற்கும். கங்காணி முறை ஒழிந்து, 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்து, நிறுவனங்கள் கைமாறிய பின்னரும் அக்கறை மாறவில்லை. கடைவீதியில் கையை நீட்டினாலே 'எஸ்டேட்காரி' என்பது தெரிந்துவிடும்.

இத்தொழிலாளரின் முதற்றலைமுறையினர் தம்முடன் ஓர் அழகு மரபையும் கொண்டுவந்தனர். தென்மாவட்டப் பெண்கள் காதை வளர்த்துப் பாம்படமும் தண்டட்டியும் அணிந்தனர். கைகளில் பச்சை குத்திக்கொண்டனர். நீண்ட காது வடிவழகாகக் கருதப்பட்டதேயன்றி விகாரமாக எண்ணப்படவில்லை. மிஷன் பள்ளிகளும் பிறகு நகரப் பழக்கமும் இதனைப் பட்டிக்காட்டின் அடையாளமாக்கின. வளர்த்த காதை அறுத்துத் தைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டாயிற்று. திரையிலும் பாம்படம் அணிந்தவள் கிழவியாகவோ நகைப்புக்குரியவளாகவோதான் தோன்றினாள். ஓர் அழகுக் கோட்பாடு ஒரே தலைமுறை இடைவெளியில் நாணத்தக்கதாக மாறியதற்கு இதனினும் தெளிந்த சான்று தேடவேண்டுவதில்லை.

அளவுகோலும் ஒளிப்படக் கருவியும்

உடலைப் படம்பிடித்து வகைப்படுத்தும் முயற்சி இப்பகுதியில் திரைப்படத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக 1885 முதல் பணியாற்றிய எட்கர் தர்ஸ்டன் தலை, மூக்கு, உயரம் ஆகியவற்றை அளந்து, க. ரங்காச்சாரியின் துணையுடன் 1909இல் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி ஏழு தொகுதிகளை வெளியிட்டார். மூக்கின் அகலத்துக்கும் சமூகப் படிநிலைக்கும் தொடர்பு காணும் போக்கு அக்காலக் குடிமதிப்பு அதிகாரிகளிடையே செல்வாக்குப் பெற்றிருந்தது. தம்மைக் கண்டதும் வயநாட்டுப் பணியர் பெண்கள் ஓடியதையும், தேர்ந்த உடல்களைப் பாடம் செய்து அருங்காட்சியகத்தில் வைக்கப்போவதாக அவர்கள் அஞ்சியதையும் தர்ஸ்டனே வேடிக்கையாகப் பதிவுசெய்துள்ளார். அப்பெண்களின் அச்சத்தில் பிழை பெரிதாக இருந்ததாகக் கூறவியலாது. அவர்கள் உடல்கள் பாடம் செய்யப்படவில்லை. படங்களாகவும் எண்களாகவும் அலமாரிக்குள் சென்றன.

இத்துறையில் இந்தியரின் முதன்மைப் பங்களிப்பு பாலக்காட்டிலிருந்தே வந்தது. பாலக்காட்டு இலட்சுமிநாராயணபுரத்தில் 1861இல் பிறந்த எல்.கே. அனந்தகிருஷ்ண ஐயர் கொச்சி அரசின் மக்கள் இனவியல் கணக்கெடுப்பை மேற்கொண்டு 1909இலும் 1912இலும் இரு தொகுதிகளை வெளியிட்டார். பின்னர்க் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் கற்பித்தார். அவருடைய மகன் எல்.ஏ. கிருஷ்ண ஐயர் திருவிதாங்கூர் வனத்துறையில் பணியாற்றியவாறே 1937 தொடங்கி மூன்று தொகுதிகளாகத் திருவிதாங்கூர்ப் பழங்குடிகளை எழுதினார். இடுக்கியின் முதுவர், மன்னான், பளியர் ஆகியோர் அவற்றில் இடம்பெறுகின்றனர். மதுரையிலிருந்து மலையேறி வந்தோம் என்பது முதுவரிடமும் மன்னானிடமும் வழங்கும் மரபுரை. தந்தையும் மகனும் பரிவோடு எழுதியவர்கள். மறைந்துபோகவிருந்த பல வழக்கங்கள் அவர்களால்தான் ஏட்டிலேறின. ஆயினும் அக்காலத் துறையின் வாய்பாடு அவர்களையும் கட்டிப்போட்டது. ஒவ்வொரு குலத்துக்கும் 'உடற்தோற்றம்' பற்றிய விவரணை உண்டு. குட்டை, கறுப்பு, தட்டை மூக்கு என்னும் சொற்கள் அதில் திரும்பத் திரும்ப வரும். அக்கிரகாரத்துப் படிப்பாளி காட்டின் உடலைப் பார்த்து எழுதினார். காட்டின் உடல் திரும்பிப் பார்த்து எழுதிய ஏடு எதுவும் இல்லை.

கொச்சித் தொகுதியில் இடம்பெற்ற இனத்தாருள் சித்தூர்ப் பகுதி எரவாளரும் அடங்குவர். அவ்வினத்தைச் சேர்ந்த மயிலம்மா, பெருமாட்டி ஊராட்சியின் பிளாச்சிமடையில் கொக்கோ கோலா ஆலைக்கு எதிராக 2002 ஏப்ரலில் தொடங்கிய போராட்டத்தின் முகமாக அறியப்பட்டார். ஆலை 2004 மார்ச்சில் உற்பத்தியை நிறுத்தியது. மயிலம்மா 2007 சனவரியில் மறைந்தார். நாளிதழ்களில் வந்த அவருடைய படங்களுக்குக் கீழே பெயர் இருந்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய இனவியல் படங்களில் பெயர் இருப்பதில்லை. இனத்தின் பெயர் மட்டுமே இருக்கும்.

வடவன்னூரும் கோயம்புத்தூரும்

எல்லைப்புறத் தமிழரின் உடலழகுக் கருத்தை உருவாக்கியதில் தமிழ்த் திரைப்படத்துக்கு நிகரான ஆற்றல் வேறெதற்கும் இல்லை. பாலக்காட்டின் கிழக்குப் பகுதியினர் பொள்ளாச்சியிலும் கோயம்புத்தூரிலும், இடுக்கித் தோட்டத்தினர் கம்பம், கூடலூர், போடிநாயக்கனூர் ஆகிய ஊர்களிலும் படம் பார்த்தனர். திருவிழாவுக்கும் சந்தைக்கும் இறங்கும் நாளே படம் பார்க்கும் நாளாகவும் அமைந்தது.

இப்படங்களின் தலையாய பிம்பமாகிய எம்.ஜி. இராமச்சந்திரனின் குடும்ப வேர் பாலக்காடு மாவட்டத்து வடவன்னூரில் இருந்தது என்பது இவ்வரலாற்றின் முரண்களுள் ஒன்று. மருதூர் கோபால மேனனுக்கும் சத்தியபாமாவுக்கும் 1917 சனவரி 17 அன்று இலங்கையில், கண்டியை அடுத்த நாவலப்பிட்டியில் பிறந்த அவர், தந்தையை இழந்தபின் கும்பகோணத்தில் வளர்ந்து நாடகக் குழுவில் சேர்ந்தார். அவர் கதாநாயகனாக உயர்ந்த 'ராஜகுமாரி' (1947) கோயம்புத்தூர் சென்ட்ரல் ஸ்டுடியோவில் உருவானது. கணவாயின் மேற்கு முனைக் குடும்பம் ஒன்றன் மகன் கிழக்கு முனையில் தமிழரின் உடலழகுக்கு இலக்கணமானார்.

எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் வெளியிட்ட 'தி இமேஜ் டிராப்' என்னும் ஆங்கில நூல், ஒடுக்கப்பட்ட மக்கள் தம் வாழ்வின் விடுதலையைத் திரைப்பிம்பத்தில் கண்டு அப்பிம்பத்துக்கே சிறைப்பட்ட முறையை விளக்குகிறது. அவ்வாய்வின் வழியில் நின்று நிறத்தையும் நோக்கலாம். 'படகோட்டி' (1964), 'தொழிலாளி' (1964), 'விவசாயி' (1967), 'ரிக்சாக்காரன்' (1971) எனத் தலைப்பே உழைப்பாளியைச் சுட்டும் படங்களில் அவர் நடித்தார். அவ்வுழைப்பாளிகள் எவரும் வெயிலில் கறுத்தவர் அல்லர். கடலில் திரியும் மீனவனும் நகரத்தெருவில் வண்டி இழுப்பவனும் அதே ரோசாநிற மேனியுடன் திரையில் நின்றனர். அந்நிறத்துக்கு மக்கள் தாமே ஒரு காரணம் கற்பித்தனர்: அவர் தங்கபஸ்பம் உண்கிறார் என்பது ஊர்தோறும் வழங்கிய கதை. நிறம் பிறப்பால் வந்தது என ஏற்றால் அது எட்டாக்கனியாகிவிடும். மருந்தால் வந்தது என்றால் காசுள்ளவன் எவனும் அடையலாம். பின்னாளில் முகப்பூச்சு வணிகம் விற்ற நம்பிக்கையின் முன்வடிவம் இக்கதையிலேயே உள்ளது.

'அடிமைப்பெண்' (1969) இங்குத் தனித்து நோக்கத்தக்கது. நிமிர்ந்து நிற்க இயலாத தாழ்ந்த சிறைக்குள் வளர்ந்ததால் கூனிய முதுகுடனும் பேச்சறியாமலும் இருக்கும் நாயகன், படிப்படியாக நிமிர்ந்து, பேசி, உடலுரம் பெற்று விடுதலை வீரனாகிறான். கூடை சுமந்து சரிவில் குனிந்து வேலை செய்யும் மக்கள் இக்காட்சியில் கண்டது வெறும் பொழுதுபோக்காக இருந்திருக்க முடியாது. முதுகு நிமிர்வதே விடுதலை என்னும் கருத்து உண்மையில் ஆற்றல் மிக்கது. அக்கருத்தையும் வெளிர்மேனியையும் ஒரே உடலில் பிணைத்ததுதான் திரைப்படம் செய்த வேலை. 1967 சனவரி 12 அன்று எம்.ஆர். இராதாவால் சுடப்பட்டபின், கழுத்தில் கட்டுடன் அவர் தோன்றிய படம் தேர்தல் சுவரொட்டியாயிற்று. 1987 திசம்பரில் அவர் இறந்தபோதும் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்த நிலையிலேயே உடல் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. வடவன்னூரில் குடும்பத்தினர் வாழ்ந்த வீடு 2019இல் நினைவில்லமாகத் திறக்கப்பட்டது.

1975இல் 'அபூர்வ ராகங்கள்' மூலம் அறிமுகமான ரஜினிகாந்தும், அவரையடுத்து விஜயகாந்தும் கறுத்த நாயகரை நிலைநாட்டினர் என்பது உண்மை. ஆயினும் இம்மாற்றம் ஆணுடன் நின்றுவிட்டது. கறுத்த நாயகனுக்கு வெளுத்த நாயகி என்பது எழுதாச் சட்டமாயிற்று. 2007 சூனில் வெளியான 'சிவாஜி' இதன் உச்சம். நாயகியின் விருப்பத்துக்காக நாயகன் வெளுக்க முயலும் நகைச்சுவைப் பகுதியும், கணினித் தொழில்நுட்பத்தால் ஐரோப்பியப் பெண்ணொருத்தியின் தோல்நிறத்தை ரஜினிகாந்தின் உடல்மீது பொருத்திய பாடற்காட்சியும் அதில் உண்டு. அப்படத்தின் சிறப்புக் காட்சியமைப்புக்குத் தேசிய விருது கிடைத்தது. அதே படத்தில் முகத்தில் கருமை பூசப்பட்ட இரு பெண்கள் நகைப்புக்குரியவராகக் காட்டப்பட்டனர். அவர்களுக்கு இடப்பட்ட பெயர்கள் அங்கவை, சங்கவை. புறநானூற்றில் தந்தையையும் குன்றையும் இழந்த துயரைப் பாடிய பாரி மகளிரின் பெயர்களாக மரபு போற்றியவை அவை. மாமையைப் பாடிய மொழி, தன் பெண்பாற் புலவர்களின் பெயரையே கறுப்பின் கேலிக்குப் பயன்படுத்திய இந்நிகழ்ச்சி தமிழ்த்துறைகளில் எழுப்பிய சலனம் போதுமானதாக இல்லை.

'பாண்டி' என்னும் பிம்பம்

மலையாளத் திரைப்படமும் நாடகமும் வேறொரு கண்ணாடியைக் காட்டின. மலையாள வழக்கில் 'பாண்டி' என்பது கிழக்கிலிருந்து வந்தவரைக் குறிக்கும் சொல்லாகத் தொடங்கி, கறுப்பு, அழுக்கு, முரட்டுத்தனம் ஆகிய பொருள்களை ஏற்ற இழிசொல்லாயிற்று. 1993இல் வெளியான 'மேலேபரம்பில் ஆண்வீடு' என்னும் நகைச்சுவைப் படத்தில் தமிழ்ப் பெண்ணை மணந்த நாயகன் அவளை வீட்டுக்கு அழைத்துவந்து வேலைக்காரி என அறிமுகப்படுத்துகிறான். வீட்டார் ஐயமின்றி ஏற்கின்றனர். நாயகியாக நடித்தவர் ஷோபனா. கதை நகர்வதற்குத் தேவையான நம்பகம் முழுவதும், தமிழ்ப்பெண் என்றால் பணிப்பெண் என்னும் பொதுப்புத்தியிலிருந்தே பெறப்பட்டது. 'பாண்டிப்பட' (2005) தலைப்பிலேயே அச்சொல்லை ஏற்றது.

மலையாளத் திரை தன் சொந்த மக்களின் கறுப்பையும் தொடக்கத்திலேயே விலக்கியது என்பதையும் சேர்த்துக் காணவேண்டும். முதல் மலையாளப் படமாகிய ஜே.சி. டேனியலின் 'விகதகுமாரன்' (1928 என்றும் 1930 என்றும் கூறுவர்) படத்தில் நாயர் பெண்ணாக நடித்த தலித் பெண் பி.கே. ரோசி, திருவனந்தபுரத்தில் உயர்சாதியினரின் தாக்குதலுக்கு ஆளாகித் தமிழகத்துக்குத் தப்பியோடி, நாகர்கோவிலில் தம் அடையாளத்தை மறைத்து வாழ்ந்தார். பாரதப்புழையின் தென்கரையில், பாலக்காடு மாவட்டத்துச் சொரணூருக்கு எதிரே உள்ள செறுதுருத்தியில் கேரளக் கலாமண்டலம் அமைந்துள்ளது. கறுத்தவர் மோகினியாட்டம் ஆடுவது பொருந்தாது என்னும் பொருள்பட நடனக் கலைஞர் ஒருவர் 2024 மார்ச்சில் கூறியது பெருங்கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அக்கூற்றால் புண்படுத்தப்பட்டவராகக் கருதப்பட்ட ஆர்.எல்.வி. இராமகிருஷ்ணன், நடிகர் கலாபவன் மணியின் தம்பி. 2025இல் அவர் அதே கலாமண்டலத்தில் பரதநாட்டிய உதவிப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார்.

பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டங்களை ஆராய்ந்த ஜெயசீலன் ராஜ், 2022இல் வெளிவந்த தம் நூலில், தொண்ணூறுகளின் தேயிலை நெருக்கடிக்குப் பிறகு வெளியூர் வேலைக்குச் சென்ற இளைஞர் சாதி, மொழி, எஸ்டேட் முகவரி ஆகிய மூன்றும் சேர்ந்த இழிவை எதிர்கொண்டதை விரிவாகக் காட்டுகிறார். இவ்விளைஞர் தமிழகத்தில் 'மலையாளி', கேரளத்தில் 'பாண்டி'. எம்.ஜி.ஆரையே எதிரணியினர் மலையாளி என ஏசிய காலம் உண்டு. ஆனால் அவருடைய நிறம் அவ்வேச்சிலிருந்து அவரைக் காத்தது. தோட்டத்து இளைஞனுக்கு அக்காப்பும் இல்லை.

முகப்பூச்சும் சிறுநீரகமும்

இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் 'ஃபேர் அண்ட் லவ்லி' 1975இல் சந்தைக்கு வந்தது. சென்னையைச் சார்ந்த கவின்கேரின் 'ஃபேர்எவர்' 1998இல் வந்தது. சிறு பொட்டலமாகக் கிடைத்ததால் இப்பூச்சுகள் தோட்டத்துப் பெட்டிக்கடைவரை எட்டின. 1993 ஏப்ரலில் சன் தொலைக்காட்சியும் அதே ஆண்டு ஆகஸ்டில் ஏசியாநெட்டும் தொடங்கியபின், ஒரே விளம்பரம் இரு மொழிகளிலும் ஒரே வீட்டுக்குள் நுழைந்தது. கறுத்த பெண் வேலை கிடைக்காமலும் மணமாகாமலும் வாடி, வெளுத்தபின் வெல்வது அவ்விளம்பரங்களின் வாய்பாட்டுக் கதை. அனைத்திந்திய சனநாயக மாதர் சங்கத்தின் எதிர்ப்பால் அவற்றுள் சில 2003இல் விலக்கிக்கொள்ளப்பட்டன. 2005இல் ஆண்களுக்கான பூச்சும் வந்தது. 2020இல் முதற்பூச்சின் பெயர் 'குளோ அண்ட் லவ்லி' என மாறியது.

பெயரறியாத மலிவுப் பூச்சுகளின் கதை வேறு. பாலக்காட்டை அடுத்த மலப்புரம் மாவட்டத்துக் கோட்டக்கல் மருத்துவமனை ஒன்றில் 2021 சூலை முதல் 2023 செப்டம்பர்வரை கண்டறியப்பட்ட ஒருவகைச் சிறுநீரக நோயாளிகள் 22 பேரில் 15 பேருக்கு நெல்-1 என்னும் அரிய வகைப்புரதத் தொடர்பு இருந்ததும், அவர்களுள் 13 பேர் வெளுப்புப் பூச்சு பயன்படுத்தியதை ஒப்புக்கொண்டதும் பன்னாட்டு மருத்துவ இதழில் வெளியாயின. பூச்சுகளில் அளவுமீறிய பாதரசம் இருந்தது. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023இல் 'ஆப்பரேஷன் சௌந்தர்யா' என்னும் பெயரில் சோதனைகளை நடத்தியது. பசலையை நோய் எனக் கண்ட மரபின் அண்டையிலேயே வெளுப்பைத் தேடி நோய் கொண்டனர் இம்மக்கள்.

சுவரொட்டிக்கு வெளியே

கேரளச் சுற்றுலாவின் விளம்பரங்களில் மூணாறு என்றால் பசுஞ்சரிவும் அதில் கூடையுடன் முறுவலிக்கும் பெண்ணும்தான். அப்பெண்ணுக்குக் குரல் இல்லை. 2015 செப்டம்பரில் அப்பெண்களே ஆயிரக்கணக்கில் மூணாறு சாலையில் அமர்ந்தனர். 'பெண்கள் ஒற்றுமை' என்னும் பொருளுடைய 'பெம்பிளை ஒருமை' எனப் பெயர்பெற்ற அவ்வெழுச்சி, தொழிற்சங்கத் தலைவர்களை விலக்கிவைத்து, குறைக்கப்பட்ட ஊக்கத்தொகையை மீண்டும் 20 விழுக்காடாகப் பெற்றது. அப்போது 232 ரூபாயாக இருந்த நாட்கூலி பின்னர் 301 ரூபாயாயிற்று. கேட்டது 500. தேய்ந்த மூட்டும், கறைபடிந்த விரலும், வெயிலேறிய முகமும் தொலைக்காட்சியில் நேரலையாக வந்து தம் கணக்கைத் தாமே பேசின. 2017 ஏப்ரலில் கேரள அமைச்சர் ஒருவர் அப்பெண்களின் நடத்தையை இழித்துப் பேசி, எதிர்ப்பு எழுந்தபின் வருத்தம் தெரிவித்தார். கூலி கேட்ட பெண்ணுக்கு மறுமொழியாக அவள் ஒழுக்கத்தைக் கேள்விக்குள்ளாக்குவது மேலாடைப் போராட்டக் காலத்திலிருந்து மாறாத உத்தி.

அட்டப்பாடி இருவேறு காட்சிகளைத் தந்தது. 2018 பிப்ரவரி 22 அன்று முக்காலியில் மது என்னும் பழங்குடி இளைஞர், அரிசி திருடினார் என்று கூறிய கும்பலால் கைகள் கட்டப்பட்டு அடித்துக் கொல்லப்பட்டார். தாக்கியவர்கள் அவரோடு தற்படம் எடுத்துக்கொண்டனர். பரட்டைத் தலையும் கறுத்து மெலிந்த உடலும் 'திருடன்' என்பதற்குப் போதிய சான்றாக அவர்களுக்குப் பட்டன. 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் 16 பேரில் 14 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. அதே அட்டப்பாடியின் இருளர் இனத்து நஞ்சியம்மா, தமிழுக்கு நெருங்கிய தம் மொழியில் தாமே இயற்றிப் பாடிய பாடலுக்காக ('அய்யப்பனும் கோஷியும்', 2020) 2022இல் அறிவிக்கப்பட்ட தேசிய விருதைச் சிறந்த பின்னணிப் பாடகியாகப் பெற்றார். அவர் முறையான இசைப்பயிற்சி இல்லாதவர் என்னும் முணுமுணுப்பும் உடன் எழுந்தது.  குரல் ஏற்கப்பட்டது, முகம் செய்திப்படமாக நின்றது.

2025 மார்ச்சில் கேரளத் தலைமைச் செயலர் சாரதா முரளீதரன், தமக்கு முன் அப்பதவி வகித்த கணவரின் பணி வெள்ளை, தம் பணி கறுப்பு என ஒருவர் ஒப்பிட்டதைப் பொதுவெளியில் எழுதினார். நான்கு வயதில் தம்மை மீண்டும் கருப்பையில் வைத்து வெளுப்பாகப் பெற்றுத் தர முடியுமா என்று தாயிடம் கேட்டதையும் அவர் அதில் நினைவுகூர்ந்தார். அரசின் உச்சப் பதவியில் இருந்த ஒருவர் எழுதியதால் அது மாநிலம் முழுவதும் விவாதமாயிற்று. தேவிகுளத்து லயங்களிலும் கொழிஞ்சாம்பாறைத் தமிழ்வழிப் பள்ளிகளிலும் அதே கேள்வியைக் கேட்டு வளர்ந்த குழந்தைகளின் சொற்கள் எந்த ஆவணத்திலும் இல்லை. வாய்மொழி வரலாற்றுக்கான களப்பணி அங்கிருந்தே தொடங்கப்பட வேண்டும். பாம்படம் அணிந்த கடைசித் தலைமுறையினர் இன்னும் சிலர் அங்கு உள்ளனர்.